வெயிலில் தளிர்த்த வன்னி

ராஜஸ்தான் பாலைவனத்து ஜெய்சல்மேரிலிருந்து சம் மணல்மேடுகளுக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பாதி வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னேன். மார்ச் கடைசி. மழையைப் பார்த்து ஆறு மாதம் ஆகியிருந்த நிலம், கண்ணுக்கு எட்டிய வரை பழுப்பு. நடுவே ஒரு மரம் மட்டும் இளந்தளிர் விட்டு நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால், நம்ம வன்னி! சிவன் கோயில் பிராகாரத்தில் சுற்றிச் சுற்றி வந்த அதே பொடி இலை, அதே முள். இங்கே அதற்குப் பெயர் கேஜ்ரி.

ஜெய்சல்மேரில் ஆண்டு மழையே சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவில்தான். அதை நம்பி வன்னி இல்லை. அதன் ஆணிவேர் 30 மீட்டர் ஆழம் வரைகூட இறங்கி நீரைத் தேடுமாம். அதனால்தான் மற்ற செடிகள் காய்ந்து கிடக்கும் கோடையில் இது தளிர்க்கிறது. ஆடும் ஒட்டகமும் பசியாறுவது இந்த இலையில்தான். 1730-ல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில், அரசனின் ஆட்கள் இந்த மரங்களை வெட்ட வந்தபோது, மரங்களைக் காப்பதை நெறியாகக் கொண்ட பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் அவற்றைக் கட்டிப்பிடித்து உயிரைக் கொடுத்தார்கள். படித்த செய்திதான். ஆனால் அந்த நிழலில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

பக்கத்திலேயே கேர் என்ற புதர், செக்கச்செவேலென்று பூத்திருந்தது. தேடிப் பார்த்தேன், இலையே இல்லை. இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகிப் போகும். அதனால் உணவு தயாரிக்கும் வேலையைப் பச்சைத் தண்டே பார்த்துக்கொள்கிறது. இதன் காயையும் வன்னியின் பிஞ்சு நெற்றையும் உலர்த்திச் சேர்த்துச் சமைப்பதுதான் கேர் சாங்ரி. இரவு கம்பு ரொட்டியோடு சாப்பிட்டேன். புளிப்பும் லேசான துவர்ப்புமாக, அவ்வளவு ருசி.

அதற்கு முன், பொழுது சாயும் நேரத்தில், சரளை மண்ணில் ஒரு முழ நீளத்துக்கு ஒரு பல்லியை ஓட்டுநர் காட்டினார். வாலெல்லாம் முள். பெயர் சாண்டா. எங்களைப் பார்த்ததும் வளைக்குள் நுழைந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து மண் தள்ளப்பட்டு, வாசலே அடைபட்டுப் போனது. வெளியே நெருப்பாகச் சுட்டாலும் இரவில் குளிர்ந்தாலும் உள்ளே பெரிதாக மாறாது. குளிர்கால உறக்கத்துக்கு வாலில் கொழுப்பைச் சேர்த்து வைத்திருக்கும். அந்தக் கொழுப்பை உருக்கி வலிக்கு எண்ணெய் என்று விற்கத்தான் இதைப் பிடித்து முதுகெலும்பை முறிக்கிறார்கள். கேட்டதும் வயிறு எரிந்தது. தயவுசெய்து யாரும் அதை வாங்காதீர்கள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கால்நடைகளுக்காக நீர் நிரப்பியிருந்த ஒரு சிறு குட்டை. கல்கௌதாரிகள் கூட்டமாக வந்து இறங்கின. மணல் நிறம், வயிற்றில் மட்டும் கரும்பழுப்பு. இவை தின்பது காய்ந்த விதை என்பதால் தண்ணீர் குடிக்காமல் முடியாது. மளமளவென்று குடித்துவிட்டு எல்லாம் பறந்தன, ஒரு ஆண் பறவையைத் தவிர. அது வயிறு நனைய நீருக்குள் இறங்கி உட்கார்ந்தது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு மேலும் கீழும் அசைந்தது. எழுந்தது, மறுபடி உட்கார்ந்தது. குளிக்கிறது என்றுதான் நினைத்தேன்.

இல்லை. அதன் வயிற்று இறகில் சுருண்டிருக்கும் மெல்லிய இழைகள் நனைந்ததும் விரிந்து, பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். எங்கோ வெட்டவெளியில், இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் தாகத்தோடு காத்திருக்கும். அப்பன் போய் நின்றதும் வயிற்றுக்கடியில் நுழைந்து அந்த இறகைச் சப்பிக் குடிக்கும்.

பைனாகுலரைக் கீழே வைக்க மனசு வரவில்லை. ஐந்து நிமிடம் போல ஊறியபின், வயிற்றிலிருந்து இரண்டு சொட்டு வழிய, அது எழும்பி மேற்கே பறந்தது.