ஸ்ட்ரிப்பில் 2, வரிசையில் 1பி

மார்ச் 4, செவ்வாய்

மதியம் ஒரு டாக்டரிடமிருந்து போன். எட்டு மாதத்துக்கு முன் எங்கள் லேப் 'ஹெபடைட்டிஸ் சி, டைப் 2' (கல்லீரலைத் தாக்கும் வைரஸ், அதன் மரபு வகை 2) என்று ரிப்போர்ட் கொடுத்த நோயாளி. டைப் 2க்கென்று கொடுத்த மருந்துகள், சோஃபோஸ்புவிரும் ரிபாவிரினும், 12 வாரம், ஒரு வேளை விடாமல் சாப்பிட்டிருக்கிறார். முடித்தபோது ரத்தத்தில் வைரஸ் இல்லை. இப்போது மறுபடி வந்துவிட்டது. "டைப் சரிதானா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க." கோபமே இல்லாத குரல். அதுதான் என்னவோ செய்தது.

டைப் பார்க்கும் சோதனைப் பட்டை, அந்தப் பழைய ஸ்ட்ரிப்பைத் தேடி எடுத்தேன். டேப்புக்கு அடியில் ஊதாக் கோடுகள் கொஞ்சம் மங்கியிருந்தன. எந்தக் கோடுகள் விழுந்தால் எந்த டைப் என்று சொல்லும் அட்டவணையோடு வைத்துப் பார்த்தால் 2தான்.

மார்ச் 5, புதன்

புது ரத்தம் வந்தது. உடனே இயந்திரத்தில் சுற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, மூன்று குப்பியாக மைனஸ் 80இல் வைத்தேன். வைரஸின் மரபுப்பொருளான ஆர்என்ஏ சீக்கிரம் சிதையும். ஒரு குப்பியில் பிசிஆர் (மரபுப்பொருளைப் பெருக்குவது), பிறகு ஸ்ட்ரிப். சாயம் ஏற ஏறக் கோடு கோடாக எழும்புவதைக் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடியும் 2.

மார்ச் 7, வெள்ளி

லேபில் இருக்கும் அக்காவிடம் காட்டினேன். "ஸ்ட்ரிப் எந்த இடத்தைப் படிக்குது?" என்று மட்டும் கேட்டார். வைரஸ் மரபுத்தொடரின் முன்முனையையும் அதை ஒட்டிய 'கோர்' என்கிற பகுதியையும். வைரஸின் மரபுத்தொடர் சுமார் 9,600 எழுத்து. நாங்கள் படிப்பது முன்னால் சில நூறு. சோஃபோஸ்புவிர் பிடிப்பதோ என்எஸ்5பி என்ற நொதியை, அதற்கான பகுதி இருப்பது பின்கோடியில். அந்தப் பகுதியைப் பெருக்கி வரிசை படிக்க அனுப்பினேன்.

மார்ச் 11, செவ்வாய்

என்எஸ்5பி வரிசை வந்தது. 1பி, அதாவது டைப் 1இன் ஒரு உள்வகை.

குப்பி மாறிவிட்டதோ என்றுதான் முதலில் பதறினேன். தொடாமல் வைத்திருந்த இரண்டாவது குப்பியிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய ஆரம்பித்தேன்.

மார்ச் 13, வியாழன்

அதே பதில். முன்னால் 2, பின்னால் 1பி. இரண்டு வைரஸ் ஒரே உடம்பில் சேர்ந்திருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரே வைரஸில் இரண்டு டைப்பும் ஒட்டியிருந்தால் ஒட்டு விழும் இடம் நடுவில் இருக்கும் என்எஸ்2 பகுதி. அதனால் அதைத் தாண்டி, ஒரே துண்டாகப் பெருக்கினோம். துண்டு கிடைத்தது, இடது பக்கம் 2கே (டைப் 2இன் உள்வகை), வலது பக்கம் 1பி. 2002இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கண்டறிந்து எழுதிய கலப்பு வைரஸ் இது. படித்திருக்கிறேன், கையில் கிடைத்ததில்லை. ஸ்ட்ரிப் பொய் சொல்லவில்லை, அதற்குத் தெரிந்த பாதியைச் சொன்னது. முழுசு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்.

மார்ச் 14, வெள்ளி

புது ரிப்போர்ட் போயிற்று. எந்தப் பகுதியைப் படித்து என்ன கிடைத்தது என்று இரண்டு வரியாக எழுதினேன். டாக்டர் சோஃபோஸ்புவிர்-வெல்பட்டாஸ்விர் தரப்போகிறார். எல்லா டைப்புக்கும் கேட்கிற மருந்து வந்தபிறகு இந்தச் சோதனை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நோய் திரும்பி வந்தவரைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

சாயந்திரம் பதிவேட்டைப் புரட்டி, டைப் 2 என்று நாங்கள் எழுதியவர்களில் பிளாஸ்மா இன்னும் ஃப்ரீஸரில் இருப்பவர்களைக் குறித்தேன். பதினேழு பேர். திங்கட்கிழமை, அதில் முதல் ஐந்து பேரின் குப்பி.