செம்பியின் நீர்க்கடுப்பும் பன்னிரண்டு மருந்துகளும்

ஜனவரி 5, 2025, ஞாயிறு. கோத்தகிரி

காலையில் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டை மேல் எங்கள் பூனை செம்பி உட்கார்ந்திருந்தாள். எழுந்தாள், இரண்டடி நடந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்தில் ஆறு தடவை. அவள் போனதும் குனிந்து பார்த்தேன். வெள்ளை டைல்ஸில் பொட்டு அளவுக்கு ஈரம், நடுவில் ரோஜா நிறம்.

செம்பிக்குப் பதின்மூன்று வயது. இந்தப் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு என்பதால் இரவில் பூனைகளை வெளியே விடுவதில்லை, மூத்திரம் போக வீட்டுக்குள் மண் தட்டுதான். இத்தனை வருஷத்தில் தட்டை விட்டு வெளியே அவள் போனதே கிடையாது.

நான் மருந்துக்கடைக்காரி. மதியம் கடையைப் பூட்டும்போது கை தானாக மூன்றாவது அடுக்குக்குப் போனது. சிப்ரோஃப்ளாக்சசின் ஓர் அட்டை. வீட்டுக்கு வந்து அடுக்களை மேடையில் வைத்து மாத்திரையைப் பாதியாக்கி, இரண்டு பாதியையும் மறுபடி பாதியாக்கினேன். கத்தி நுனியில் வெள்ளைத் தூள். அதற்குள் வீட்டுக்காரர் வந்து, "டாக்டரக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. போன் போட்டேன்.

"ஒண்ணும் குடுத்துடாதீங்கக்கா. குடுத்துட்டா நாளைக்கு எடுக்கிற மூத்திரத்துல கிருமி இருந்தாலும் வளராது. அப்புறம் நாம ரெண்டு பேரும் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் நடக்கணும்."

கால் மாத்திரைகள் நான்கும் மேடையிலேயே கிடக்கின்றன.

ஜனவரி 6, திங்கள்

காலை பஸ்ஸில் குன்னூர். கூடைக்குள் செம்பி, கூடை மேல் என் சால்வை. நல்ல பனி. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடிக்க, ஒவ்வொன்றுக்கும் உள்ளிருந்து ஒரு பதில் வந்தது.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். வயிற்றைத் தடவிப் பார்த்தார், ஸ்கேன் கருவியை வைத்தார், மெல்லிய ஊசியை வயிறு வழியாகவே மூத்திரப்பைக்குள் விட்டு உறிஞ்சி எடுத்தார். நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், செம்பி அசையவில்லை. தட்டிலோ தரையிலோ இருப்பதை எடுத்தால் தோலில், மண்ணில் உள்ள கிருமியெல்லாம் சேர்ந்து வளருமாம். நேராகப் பையிலிருந்து எடுத்ததில் வளர்ந்தால்தான் அதை நம்பலாம்.

ஒரு சொட்டைக் கண்ணாடிக் கருவியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். அடர்த்தி 1.016. நல்ல சிறுநீரகம் உள்ள பூனைக்கு 1.035க்கு மேல் இருக்க வேண்டும். பூனையின் மூத்திரம் இயல்பிலேயே கெட்டி, அதில் கிருமி லேசில் பிழைக்காது. வயதாகிச் சிறுநீரகம் தளர்ந்து மூத்திரம் நீர்த்துப்போனால் கிருமிக்குக் கதவு திறந்த மாதிரி. சர்க்கரை நோய், தைராய்டு உள்ள கிழப்பூனைகளுக்கும் இதே கதைதான். ரத்தமும் எடுத்திருக்கிறார்.

மூத்திரத்தில் முக்கிப் பார்க்கும் பட்டையில் வெள்ளணுக்களைக் காட்டும் கட்டம் நிறம் மாறியது. அதைக் காட்டி, "இன்ஃபெக்ஷன்தானே?" என்றேன், எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ள. பூனைக்கு அந்தக் கட்டத்தை நம்பவே கூடாது, ஒன்றும் இல்லாவிட்டாலும் நிறம் மாறும் என்றார். மனிதருக்கு அதைப் பார்த்துத்தானே பாதி வைத்தியம் நடக்கிறது.

மாதிரியை ஐஸ் பையோடு ஃபிளாஸ்கில் வைத்து மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏற்றினோம். மகள் அங்கே வாங்கிக் கோயம்புத்தூர் லேபில் கொடுத்துவிட்டாள். குளிரில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிட வேண்டும்.

செம்பிக்கு வலி மருந்து மட்டும். காய்ச்சல் இல்லை, சாப்பிடுகிறாள், அதனால் மூன்று நாள் காத்திருக்கலாம் என்று தீர்ப்பு.

ஜனவரி 8, புதன்

காத்திருப்பது என் தொழிலுக்கே ஆகாத காரியம். ஐந்நூறு பெட்டி மருந்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, வீட்டில் ஒரு ஜீவன் முக்குவதை நினைத்துக்கொண்டிருப்பது கொடுமை.

இன்று ஒருவர் தன் பூனைக்குக் காய்ச்சல் என்று பாராசிட்டமால் கேட்டார். கொடுக்கவில்லை. பூனையின் ஈரலுக்கு அதை முறிக்கத் தெரியாது, அரை மாத்திரையே உயிரை வாங்கிவிடும். இதை எத்தனை தடவை சொன்னாலும் இன்னொரு தடவை சொல்லலாம்.

ரத்த முடிவு வந்தது. நினைத்த மாதிரியே சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது.

ஜனவரி 10, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. இ.கோலை என்ற கிருமி. அதற்குக் கீழே பன்னிரண்டு மருந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் எஸ், ஐ, ஆர். எஸ் என்றால் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது, ஐ இரண்டுங்கெட்டான். பன்னிரண்டும் என் கடையில் உண்டு, அல்லது ஒரே நாளில் தருவித்துவிடலாம். பார்த்தவுடன் எஸ் எல்லாவற்றையும் எண்ணினேன், ஆறு. ஆறில் பலமானதைப் போட்டால் ஆயிற்று என்பது என் கணக்கு.

டாக்டர் வீடியோ காலில் வந்தார். "பென்சில் இருக்காக்கா?"

முதலில் ஆர் ஐந்தையும் அடித்தோம்: ஆம்பிசிலின், செஃபலெக்சின், கோட்ரைமாக்சசோல், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின். சிப்ரோவை அடிக்கும்போது மேடையில் கிடந்த கால் மாத்திரைகள் ஞாபகம் வந்தன. கிருமி எதிர்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், வாய்வழி கொடுக்கும் சிப்ரோ பூனைக்குப் பாதிகூட உடம்பில் சேராதாம்.

அப்புறம்தான் எனக்குத் தெரியாத பகுதி வந்தது. ஜென்டமைசின், அமிகாசின் இரண்டும் எஸ். அடியுங்கள் என்றார், ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை அவை இன்னும் கெடுக்கும். நைட்ரோஃபுரன்டாயின் எஸ். மனிதருக்கு நீர்க்கடுப்பென்றால் நானே அடிக்கடி எடுத்துக் கொடுப்பது. ஆனால் அது சிறுநீரகம் நன்றாக வடிகட்டினால்தான் மூத்திரத்தில் போய்ச் சேரும், செம்பிக்கு ஆகாது. என்ரோஃப்ளாக்சசினுக்கு ஐ. பூனைக்கு அது நாளைக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் விழித்திரை கெட்டுப் பார்வையே போய்விடலாம், சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அந்த ஆபத்து இன்னும் கூடும். அடி.

இமிபெனெம் எஸ். "இத அடிக்கச் சொல்லவே வேணாம்ல," என்றார். வேண்டாம்தான். ஆஸ்பத்திரியில் மூச்சுக் கருவியோடு கிடப்பவருக்குக் கடைசியாக எடுக்கிற மருந்து அது. ஒரு பூனையின் மூத்திரப்பைக்குத் திறந்தால் நாளைக்கு மனிதருக்கு அது வேலை செய்யாமல் போகலாம்.

செஃப்ட்ரியாக்சோனும் கிட்டத்தட்ட அதே காரணத்துக்காகப் போனது. அது செஃபலெக்சின் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. ஷெட்யூல் எச்1 பதிவேட்டில் நோயாளி பேர், டாக்டர் பேர், அளவு எல்லாம் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டிய மருந்து. பூனைக்கென்றே ஒரு தடவை போட்டால் இரண்டு வாரம் நிற்கும் ஊசி ஒன்று உண்டு, அதுவும் இந்தத் தலைமுறைதான். மாத்திரை விழுங்காத பூனைக்கு வரப்பிரசாதம் மாதிரித் தெரியும். ஆனால் போட்டபின் ஒவ்வாமை வந்தால் உடம்பிலிருந்து திரும்ப எடுக்க முடியாது.

மிச்சம் நின்றது அமாக்ஸிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. சாதாரணச் சளிக்குக்கூட ஜனங்கள் கேட்டு வாங்கிப்போகிற சரக்கு. மூத்திரத்தில் நன்றாகத் திரளும், சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யாது. எத்தனை நாள் என்று கேட்டேன். ஐந்து. முன்பெல்லாம் பதினான்கு நாள் கொடுப்பார்கள். இப்போது சாதாரண மூத்திரப்பைக் கடுப்புக்கு மூன்று முதல் ஐந்து நாள் போதும் என்று 2019இல் வந்த சர்வதேச வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது. கிருமி சிறுநீரகம்வரை ஏறியிருந்தால் கதை வேறு. செம்பிக்குக் காய்ச்சல் இல்லை, சாப்பாடு குறையவில்லை, ஸ்கேனிலும் அப்படித் தெரியவில்லை.

இருபத்தோரு வருஷமாக விற்கிறேன். இப்படிப் பென்சிலால் அடித்து அடித்து ஒரு மருந்துக்கு வந்து சேர்வதை இன்றுதான் பார்த்தேன்.

ஜனவரி 11, சனி

குழந்தைகளுக்கான சிரப்தான். எடை பார்த்து டாக்டர் கணக்கிட்ட அளவு. அதை இங்கே எழுதப்போவதில்லை, பார்த்துவிட்டு உங்கள் வீட்டுப் பூனைக்கு ஊற்றிவிடுவீர்கள்.

ஸ்ட்ராபெரி வாசனை, தித்திப்பு. பூனைக்குத் தித்திப்பே தெரியாது, அந்த ருசியை அறியும் மரபணு அதனிடம் வேலை செய்வதில்லை. உள்ளே இருக்கும் கசப்பு மட்டும் நன்றாகத் தெரியும். ஊசியில்லாத சிரிஞ்சைக் கடைவாயில் வைத்து அழுத்தினேன். ஒரு கணம் சும்மா இருந்தாள். அப்புறம் வாய் ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி பொங்கி, என் புடவையில், அவர் செய்தித்தாளில், சுவரில் எல்லாம் தெறித்தது. எவ்வளவு உள்ளே போனதென்று கடவுளுக்கே வெளிச்சம்.

ராத்திரி முறை மாற்றினேன். சாப்பாடு வைத்து, பாதி சாப்பிடும்போது கொடுத்து, உடனே மீதியை நீட்டினேன். நுரை பாதியாகக் குறைந்தது.

ஜனவரி 15, புதன். மாட்டுப்பொங்கல்

இன்று ராத்திரியோடு ஐந்து நாள் முடிகிறது. மூன்றாம் நாளே ரோஜா நிறம் போயிருந்தது. காலையில் தட்டில் உருண்டையாகக் கட்டிய மண், பெரிய எலுமிச்சை அளவு. வாசலில் கோலம் காய்வதற்குள் அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். "நல்ல நாளும் அதுவுமா," என்று தலையில் அடித்துக்கொண்டார்.

வீட்டில் பதினொரு பேர். எங்கள் இன்னொரு பூனை துரை கட்டிலுக்கு அடியில்.

ஜனவரி 17, வெள்ளி

துரை எங்கள் கடுவன், நான்கு வயது. விருந்தாளிகள் கிளம்பிய மறுநாளே அவனும் ஓட்டை மேல் உட்கார ஆரம்பித்துவிட்டான். அதே ரோஜா நிறம். செம்பியிடமிருந்து தொற்றிவிட்டது என்றே நினைத்தேன். மீதி சிரப் ஃப்ரிட்ஜில் இருந்தது, கலக்கி ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

ஊற்றவில்லை. குன்னூர் போனோம். அதே ஊசி, அதே கண்ணாடிக் கருவி. அடர்த்தி 1.050. ரத்தம் உண்டு, நுண்ணோக்கியில் கிருமி இல்லை. மாதிரியை லேபுக்கு அனுப்பினாலும், அதுவரை ஆண்டிபயாடிக் கிடையாது என்றார். இளம் பூனைகளுக்கு வரும் கடுப்பில் கிருமி இருப்பது அபூர்வம். பயம், கூட்டம், இடமாற்றம், தண்ணீர் குறைவு, இதிலெல்லாம் மூத்திரப்பை புண்பட்ட மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தானே அடங்கும், வலிக்கு மட்டும் மருந்து, ஈரமான சாப்பாடு.

அங்கேதான் எனக்கு முகம் சுருங்கியது. போன வருஷம் இதே துரைக்கு இதே மாதிரி இரண்டு தடவை வந்தது. முதல் தடவை வேறோர் இடத்தில் பரிசோதனை எதுவும் இல்லாமல் ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்கள், ஆறு நாளில் சரியானது. இரண்டாம் தடவை நானே கடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், ஐந்து நாளில் சரியானது. கைராசி என்று பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

கிளம்பும்போது டாக்டர் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். கடுவனுக்குக் குழாய் மெல்லியது, அடைத்துக்கொள்ளும். முக்கியும் ஒரு சொட்டுகூட வராவிட்டால் ராத்திரி பகல் பார்க்காமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளில் இதயம் நின்றுவிடும்.

ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச் அடித்து மண் தட்டைப் பார்த்தேன். ஈரம் இருந்தது. மூன்றரைக்கு இன்னொரு தடவை.

ஜனவரி 22, புதன்

துரையின் லேப் முடிவு: எதுவும் வளரவில்லை. அவனும் சரியாகிவிட்டான், ஒரு சொட்டு ஆண்டிபயாடிக் இல்லாமல். தண்ணீர்ப் பாத்திரத்தை மூன்றாக்கி மூன்று மூலையில் வைத்தேன், இரண்டாவது மண் தட்டு வாங்கினேன், மீனை நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து அந்தத் தண்ணீரோடே கொடுக்கிறேன். மீதி சிரப் வீணாகப் போனதில் மட்டும் கடைக்காரிக்குக் கொஞ்சம் வருத்தம்.

செம்பிக்கு இன்னொரு தடவை மூத்திரம் சோதித்துக் கிருமி போய்விட்டதா பார்க்கலாமா என்று கேட்டேன். நன்றாக இருக்கும் பூனைக்கு எதற்கு என்றார் டாக்டர். கிழப்பூனை மூத்திரத்தில் சும்மாவே கிருமி குடியிருக்கலாம், தொந்தரவு இல்லாவிட்டால் அதை விட்டுவிட வேண்டியதுதான். கண்டுபிடித்தால் கை சும்மா இருக்காது. என் கையைப் பற்றி அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

ஜனவரி 25, சனி

கடையில் கூட்டம். கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, "அக்கா, பூனைக்கு நீர்க்கடுப்பு, ஒரு ஆண்டிபயாடிக் குடுங்க," என்றான். அட்டையில் சிவப்புக் கோடு போட்டதைச் சீட்டில்லாமல் தர மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டு வேறு கேட்டேன்.

"கடுவனா, பெட்டையா?"

"கடுவன்க்கா."

"மூத்திரம் வருதா?"

யோசித்தான். நேற்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிறது, தரையில் ஒன்றும் பார்க்கவில்லை, காலையில் இரண்டு தடவை வாந்தி. டாக்டருக்கு நானே போன் போட்டேன். செம்பியின் கூடையைக் கொடுத்து, கடைப் பையனை ஜீப் பிடிக்கச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

சாயங்காலம் டாக்டர் பேசினார். மூத்திரப்பை கல் மாதிரி இருந்ததாம். மயக்கம் கொடுத்துக் குழாய் விட்டிருக்கிறார், இப்போது இறங்குகிறது, நாளைவரை அங்கேயே இருக்கட்டும். ஆண்டிபயாடிக் ஆரம்பித்தாயிற்றா என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"இல்லக்கா. குழாய் இருக்கும்போது சும்மா குடுத்தா, அதுக்கு அடங்காத கிருமியாப் பாத்து உள்ள போகும். எடுத்தப்புறம் தொந்தரவு இருந்தா டெஸ்ட் பண்ணிக்கலாம்."

கூடை இன்னும் குன்னூரில்தான் இருக்கிறது. செம்பி அது இருந்த இடத்தில் என் சால்வை மேல் படுத்திருக்கிறாள்.