ஒன்றே முக்கால் றாத்தல் பாண்

எங்கள் சங்கத்தின் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டபோது விடுதிக் கதைகளை எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கழிந்த இரண்டு வருடங்களில் என்னை மாற்றியது கணித வகுப்புத்தான்.

கணக்கு என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாலாம் வகுப்பில் வாய்பாடு தடக்கியதற்காக முழு வகுப்பும் பார்க்க வாங்கின் மேல் ஏற்றி நிறுத்தப்பட்டவள் நான். ஓ.எல். பரீட்சையில் கணிதத்தை மனப்பாடத்தாலேயே தாண்டினேன். ஆரம்பக் கல்விப் பிரிவுக்கு வந்ததும், சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய கணக்கு இல்லைத்தானே என்ற நினைப்பில்தான். விடுதியில் விளக்கணைத்த பிறகு கதைக்கும்போது தெரிந்தது, அறையில் இருந்த ஆறு பேரில் நாலு பேர் அதே நினைப்போடு வந்தவர்கள்.

முதற் கிழமையே கணித ரீச்சர் கரும்பலகையில் 1¾ ÷ ½ என்று எழுதினார். தலைகீழாக்கிப் பெருக்கி, மூன்றரை என்றோம்.

"சரி பிள்ளையள், இந்தக் கணக்கு வீட்டிலை எங்கை வரும்? ஒரு கதை சொல்லுங்கோ."

சத்தமே இல்லை. என் கையிலிருந்த பேனை வியர்வையில் வழுக்கியது. கடைசியில் ஒருத்தி எழும்பி, "ஒன்றே முக்கால் றாத்தல் பாணை ரெண்டு பேருக்குப் பங்கிட்டால்..." என்றாள். அது இரண்டால் வகுப்பது, அரையால் அல்ல. ரீச்சர் பிழை என்று சொல்லவில்லை. அடுத்த நாள் ஒரு றாத்தல் பாண் இரண்டோடு வந்தார். ஒன்றில் காற்பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை அரை றாத்தல் துண்டுகளாக வெட்டும்படி கத்தியை அவளிடமே கொடுத்தார். மூன்று துண்டு வந்தது. கால் றாத்தல் மிஞ்சியது.

"மிச்சம் கால். விடையிலை ஏன் அரை?"

நான் வாய் திறந்தது அப்போதுதான். "அந்தக் கால், ஒரு துண்டின்ரை பாதி ரீச்சர்." சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது.

லண்டனுக்கு வந்து பள்ளிக்கூடமொன்றில் உதவி ஆசிரியையாக இருந்த காலத்தில், கணிதக் கல்வி ஆய்வாளர் லிப்பிங் மா ஆசிரியர்களிடம் நடத்தி 1999இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். அதே 1¾ ÷ ½! அமெரிக்க ஆசிரியர் 23 பேரில் சரியான கதை சொன்னவர் ஒரே ஒருவர். அன்றைக்கு நாங்கள் வாயடைத்து இருந்தது எங்கள் மண்டைக் குறை இல்லை என்று அப்போது பட்ட ஆறுதலை எப்படிச் சொல்வேன்! 2010இல் சிக்காகோவிலிருந்து வந்த ஆய்வு மனதைக் குத்தியது. கணக்குக்குப் பயந்த ஆசிரியைகளிடம் ஒரு வருடம் படித்த சிறுமிகளில் பலர், கணக்கு ஆண்பிள்ளைகளுக்குத்தான் வரும் என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள். அப்படி நம்பியவர்கள் கணக்கிலும் பின்தங்கியிருந்தார்கள். பாடத்தோடு சேர்த்துப் பயத்தையும் படிப்பித்துவிடுகிறோம். ஊர்ப் பள்ளிகளுக்குக் கணினி அனுப்பும் எங்கள் சங்கம், ஆசிரிய மாணவரின் இந்தப் பயத்தைப் போக்கவும் ஏதாவது செய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

பயிற்சி முடிந்து வன்னியில் எனக்குக் கிடைத்தது ஒரு சின்னப் பள்ளிக்கூடம். கணித ஆசிரியர் இல்லை. ஏழாம் வகுப்புக் கணக்கும் என் பொறுப்பில் வந்தது. பின்ன வகுத்தல் தொடங்கிய அன்று நானும் பாண் வாங்கிக்கொண்டு போனேன். வெட்டி முடிய, பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள்.

"ரீச்சர், மிச்சம் கால்தானே? ஏன் அரை எண்டு எழுதினீங்கள்?"

அவளை முன்னுக்கு வரச் சொல்லி, அந்தக் கால் துண்டைக் கையில் கொடுத்தேன்.