மாவுக்கு யூரியா: ஆடியிலா, ஐப்பசியிலா?

கிருஷ்ணகிரிப் பக்கம், செம்மண். வீட்டுக்குப் பின்னால் ஒரே வயதுள்ள இரண்டு பெங்களூரா மாமரங்கள், வேலியோரம் ஒரு லக்னோ-49 கொய்யா. தழைச்சத்தை (நைட்ரஜன்) எந்த மாதம் வைத்தால் என்ன ஆகிறது என்று இவற்றில்தான் பார்த்தேன்.

ஆறு வயது தாண்டிய மாவுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை, 50 கிலோ தொழுவுரத்தோடு ஆண்டுக்கு 1 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம்தான் தழைச்சத்து என்பதால் 2.2 கிலோ யூரியா வரும். தொழுவுரத்தை நம்பி மரத்துக்கு 1.5 கிலோவோடு நிறுத்திக்கொண்டேன். பரிந்துரைத்த காலம் செப்டம்பர், அக்டோபர். நான் ஒரு மரத்துக்கு அதற்கு முன்னும், இன்னொன்றுக்கு அதைத் தாண்டியும் வைத்தேன்.

முதல் மரத்துக்கு அறுப்பு முடிந்து ஆடிக் கடைசியில். அடிமரத்தை ஒட்டிக் கொட்டாமல், கிளை நுனிக்கு நேர் கீழே வட்டமாகப் பள்ளம் பறித்துத் தூவி, மண் மூடித் தண்ணீர் விட்டேன். மேலாகத் தூவினால் யூரியா அம்மோனியாவாகிப் பறந்துவிடும். அந்த நெடி மூக்கில் ஏறினால் காசு போகிறது என்று அர்த்தம்! இரண்டாவது மரத்துக்கு ஐப்பசி பாதிக்கு மேல், மழை சற்று ஓய்ந்த நாளில்.

ஆவணியில் முதல் மரம் செம்பு நிறத்தில் தளிர்த்தது. கார்த்திகைக்குள் அந்த இலைகள் கரும்பச்சையாகி, கசக்கினால் மொறுமொறுக்கும் அளவுக்கு முற்றிவிட்டன. இரண்டாவது தளிர்த்ததே கார்த்திகையில்தான். மார்கழியில் வந்தவர்கள் எல்லாம் அந்தத் தளிரைப் பார்த்து அதைத்தான் மெச்சினார்கள். தை பிறந்ததும் முதல் மரம் சுற்றிலும் பூத்தது. இரண்டாவதில், புதுத்தளிர் விடாத கிளைகளில் மட்டும் பூ. மா முற்றி ஓய்ந்த கிளை நுனியில்தான் பூவெடுக்கும். குளிர் வரும் நேரத்தில் தளிர் பிஞ்சாக இருந்தால் அந்தக் கிளை அந்த வருஷத்துக்கு இல்லை.

பூக்கத் தாமதித்தால் 1 சதவீதப் பொட்டாசியம் நைட்ரேட் தெளிக்கலாம்தான். ஆனால் இளந்தளிரில் அது பலிக்காது, ஒப்பீடும் கெடும் என்று விட்டுவிட்டேன்.

கொய்யா இதற்கு நேர்மாறு. புதுக்கிளையின் இலைக்கக்கத்திலேயே பூக்கும். தளிரை வரவழைப்பதுதான் அங்கே வேலை. மார்ச்சிலும் அக்டோபரிலும் லேசாகக் கவாத்து செய்து (கிளை நுனிகளை வெட்டிவிட்டு), உரத்தை இரண்டாகப் பிரித்து வைத்தேன். இரண்டு முறையும் தளிரோடு மொட்டும் வந்தது.

மாவில் ஒரு வருஷத்தை வைத்துத் தீர்ப்பு சொல்ல மாட்டேன். இரண்டாவது மரத்தின் சுபாவமே அதுவாக இருக்கலாம். வரும் ஆடியில் அதற்கு முதலில் வைத்து, மற்றதை ஐப்பசிக்குத் தள்ளப்போகிறேன்.