எதுக்குத் தம்பி கூப்பிட்டீங்க?

நான் சிங்கப்பூரில் வக்கீல். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பழைய கட்சிக்காரர்கள் நாலைந்து பேரை அழைத்துப் பேசுவது என் வழக்கம். கேஸ் தானாக நடந்து வராது என்று சீனியர் சொல்லிச் சொல்லி ஒட்டிக்கொண்ட பழக்கம். எக்செலில் பெயர், கடைசியாகப் பேசிய தேதி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்பது வரை இருக்கும். வேலை இருக்கிறதா என்று மட்டும் வாய்விட்டுக் கேட்கக் கூடாது. சூட்சுமமே அதுதான்.

அப்படித்தான் அந்த அண்ணனை அழைத்தேன். யீஷூனில் அவர்கள் வீடு வாங்கியபோது பத்திர வேலை பார்த்தது நான். போனை எடுத்தது அவர் மனைவி, அக்கா. அண்ணன் தவறி இரண்டு வாரம் ஆகியிருந்தது. என் வாய்க்கு வந்த ஆறுதலைச் சொன்னேன். கொஞ்சம் பேசியபின் கேட்டார்: "எதுக்குத் தம்பி கூப்பிட்டீங்க?"

"சும்மாதான் அக்கா, எல்லாரும் எப்படி இருக்கீங்கன்னு விசாரிக்கலாம்னு."

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. விசாரிக்கத்தான் அழைத்தேன். ஆனால் அண்ணன் பெயர் பட்டியலில் ஏன் இருந்தது? சொந்த வீடு, ஐம்பது தாண்டிய வயது, உயில் எழுதவில்லை. எக்செலில் அந்தக் கடைசிக் கட்டத்துக்கு மஞ்சள் அடித்து வைத்திருந்தேன்.

அடுத்த வாரமே மகனோடு வந்தார். ஷெங் சியோங் சூப்பர்மார்க்கெட் பையில் மின்னிலக்க இறப்புச் சான்றிதழின் அச்சுப்பிரதி, வங்கிக் கடிதங்கள், கல்யாணச் சான்றிதழ், கூடவே எதற்கென்றே தெரியாத தண்ணீர் பில்கள்.

நான் யோக்கியமாகத்தான் நடந்துகொண்டேன். வீடு இருவர் பெயரிலும் ஜாயின்ட் டெனன்சியில், அதாவது ஒருவர் போனால் மற்றவருக்கே சேரும் கூட்டு உரிமையில் இருந்தது. அது அக்காவுக்கே வந்துவிடும் என்றேன். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதிப் பணம் இந்தச் சொத்துக் கணக்கில் சேராது, அண்ணன் யாரை நியமனம் செய்தாரோ அவர்களுக்குப் போகும், செய்யாவிட்டால் அரசாங்கத்தின் பொது அறங்காவலர் வழியாக வரும் என்றேன். மிச்சம் வங்கிப் பணமும் கொஞ்சம் பங்குகளும். 50,000 வெள்ளிக்குள் (சிங்கப்பூர் டாலர்) இருந்தால் பொது அறங்காவலர் அலுவலகத்திலேயே கேட்டுப் பார்க்கலாம். அதைத் தாண்டியிருந்தது. உயில் இல்லாததால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி. சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் தரும் லெட்டர்ஸ் ஆஃப் அட்மினிஸ்ட்ரேஷன் வாங்க வேண்டும், ஆறு மாதம் தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். கட்டணத்தை எழுதிக் கொடுத்து, வேறு இடத்திலும் விசாரித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

"காரியம் முடிஞ்சதும் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. நீங்களாத்தான் கூப்பிட்டு விசாரிச்சீங்க. வேற எங்க தம்பி போறது?"

இந்த இடத்தில்தான் எனக்கு இடிக்கிறது. வழக்கறிஞர்களுக்கான 2015 நடத்தை விதிகள் ஆள் பிடிப்பதைத் தடுக்கின்றன. கேஸ் கொண்டுவருபவருக்குக் கமிஷன் கொடுக்கவும் கூடாது. பழைய கட்சிக்காரரை நலம் விசாரிப்பது இது எதிலும் வராது. சீனியர், "நீ கூப்பிடலைன்னா அந்தம்மா இன்னும் பேங்க் பேங்க்கா அலைஞ்சிட்டிருக்கும்" என்றார். அதுவும் சரிதான். தேக்கா சந்தையில் கடைக்காரர் பெயர் சொல்லி விசாரித்தால் அதைப் பாசம் என்கிறோம்; வக்கீல் செய்தால் மட்டும் கணக்கா? ஆனால் கடைக்காரர் மஞ்சள் அடித்து வைப்பதில்லை. அக்காவோ கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் என் புராணம்தான். அதில் இரண்டு உயில்கள் வந்தன. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

அப்புறம், அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு இதைப் பழக்கும்போது, எடுத்த எடுப்பிலேயே விஷயத்தைச் சொல்லிவிடு என்றேன்: ஆபீஸ்லேர்ந்து பேசுறேன், உயில் மாதிரி ஏதாவது எழுதணும்னா சொல்லுங்க. "தேவைப்பட்டா நானே கூப்பிடுறேம்மா" என்று ஒரு மாமா வைத்துவிட்டாராம். சீனியர் காதுக்குப் போனதும் என்னைத்தான் கூப்பிட்டுத் திட்டினார்: இப்படி வெளிப்படையாகக் கேட்டால்தான் ஆள் பிடிப்பதுபோல ஆகும், விதி தெரியாதா?

இப்போது அந்தப் பெண்ணும் சும்மாதான் விசாரிக்கிறாள். நன்றாகவே விசாரிக்கிறாள். நான் ஒன்றும் சொல்வதில்லை.