பள்ளிக்கூடத்துக்கு சீர் தூக்கிட்டு போனோம்

போன வாரம் எங்க ஊர் அரசு தொடக்கப்பள்ளில ஆண்டு விழா, கூடவே கல்விச்சீர். தெரியாதவங்களுக்கு சொல்றேன், தாய்மாமன் சீர் மாதிரியேதான், மேளதாளத்தோட தாம்பாளத்துல நோட்டு, பேனா, சாக்பீஸ், அப்புறம் குடம், நாற்காலி, பீரோன்னு ஊரே தூக்கிக்கிட்டு ஊர்வலமா பள்ளிக்கூடம் போறது. இந்த தடவ மேலாண்மைக் குழு கூட்டத்துலயே ஃபிளெக்ஸ் கிடையாது, பிளாஸ்டிக் கப் கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, ஃபிளெக்ஸ் இல்லன்னா என் பேரு எங்க வரும்னு ஒருத்தர் கோச்சுக்கிட்டது தனிக்கதை. ஒருதடவ யூஸ் பண்ணி தூக்கிப்போடுற பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1லேர்ந்தே இங்க தடை இருக்கு, 2021 டிசம்பர்ல மீண்டும் மஞ்சப்பைன்னு திட்டமே வந்துச்சு, ஆனா விழான்னு வந்துட்டா நமக்கு எல்லாம் மறந்துபோகும். பேனருக்கு பதிலா பசங்களே பழைய வேட்டில பெயின்ட்ல எழுதுனாங்க, வருக வருகன்னு போட்டதுல ரெண்டாவது வருக எடம் பத்தாம கீழ எறங்கிடுச்சு, எனக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு.

சாப்பாடு வாழை இலைல, தண்ணிக்கு அவங்கவங்க வீட்டு எவர்சில்வர் டம்ளர். இலையெல்லாம் தோட்டத்து உரக்குழிக்கு போச்சு, டம்ளர்தான் மாறிப்போச்சு, யாரோ பேரு வெட்டுன டம்ளர் ஒன்னு எங்க வீட்ல இருக்கு, அடுத்த கூட்டத்துல குடுத்துடணும்.