தேரி மணலுக்கு அரசாங்கப் பணம் கேட்ட கதை

“இதில் புதுமை எங்கே இருக்கிறது?” என்று ஒரு ரிவ்யூவர். “இந்த முறை இந்த மண்ணில் வேலை செய்யும் என்பதற்கு என்ன ஆதாரம்?” என்று இன்னொருவர். ஆய்வுக்கு அரசாங்கப் பணம் கேட்டு நான் எழுதிய ஒரே ப்ரோபோசலுக்கு, ஒரே மெயிலில் வந்த இரண்டு கருத்துகள். ஒருவர் கண்ணுக்கு நான் அரைத்த மாவையே அரைக்கிறேன், மற்றவர் கண்ணுக்கு ஆகாயத்தில் கோட்டை கட்டுகிறேன். இரண்டு நாள் எரிச்சலோடு சுற்றிவிட்டு மூன்றாம் நாள் திரும்பப் படித்தபோதுதான், இரண்டு பேர் சொன்னதும் சரி என்று உறைத்தது.

நான் ஒரு கல்லூரியில் நிலவியல் பாடம் எடுக்கிறேன். கேட்டது, தூத்துக்குடிப் பக்கத்துச் செம்மணல் தேரிகளின் வயதைக் கண்டுபிடிக்கப் பணம். திருச்செந்தூர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், குங்குமத்தைக் கொட்டி வைத்த மாதிரி மேடு மேடாகக் கிடக்கும். மணல் துகள் மேல் இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் அந்த நிறம். இந்த மணலைக் காற்று எந்தக் காலத்தில் கொண்டுவந்து குவித்தது என்று தெரிந்தால், அந்தக் காலத்துக் காற்றும் மழையும் எப்படி இருந்தன என்று கொஞ்சம் ஊகிக்கலாம். அதற்கு ஓஎஸ்எல் என்று ஒரு முறை இருக்கிறது. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் துகள் சுற்றியிருக்கும் இயற்கைக் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமித்துக்கொண்டே இருக்கும், வெயில் பட்டால் அந்தக் கணக்கு பூஜ்யமாகிவிடும். ஆய்வகத்தில் அதன்மேல் ஒளி பாய்ச்சினால், சேமித்ததை மினுக்கமாக வெளியே விடும். அதை அளந்தால் அந்தத் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று கணக்குப் போடலாம்.

முதல் ப்ரோபோசலில் நான் செய்த பெரிய தப்பு, அந்தக் கருவியையே சொந்தமாக வாங்கக் கேட்டது. பட்ஜெட்டில் முக்கால்வாசி அதற்கே போய்விட்டது. அகமதாபாத்தில் இருக்கும் பிஆர்எல் என்ற அரசு ஆய்வகம் மாதிரி இடங்களில் பல வருஷமாக இந்த வேலை நடக்கிறது, அப்புறம் எங்கள் கல்லூரிக்கு எதற்குப் புதிதாக ஒன்று என்று யாராக இருந்தாலும் கேட்பார்கள்தானே? இன்னொரு கூத்து, ஆய்வு மாணவர்களுக்குக் கொடுக்கிற ஜேஆர்எஃப் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் ஆகிவிட்டது, நான் யாருடைய பழைய ப்ரோபோசலையோ பார்த்து 31,000 என்றே போட்டிருந்தேன். பட்ஜெட் பக்கத்தைக் கடைசி ராத்திரியில் எழுதினால் இப்படித்தான். என் அனுபவத்தில் ரிவ்யூவர்கள் முதலில் புரட்டுவதே அந்தப் பக்கத்தைத்தான், கேட்கிற தொகையும் செய்யப்போகிற வேலையும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்றால் மீதியை நம்பிக்கையோடு படிக்க மாட்டார்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். ஆய்வுகளுக்குப் பணம் கொடுத்துவந்த மத்திய அரசு வாரியமான எஸ்இஆர்பி இப்போது தனியாக இல்லை, 2023 சட்டத்தின்படி வந்த ஏஎன்ஆர்எஃப் என்ற தேசிய ஆராய்ச்சி நிதி அமைப்பு அதைத் தனக்குள் எடுத்துக்கொண்டது. ஐந்து வருஷத்துக்கு 50,000 கோடி என்ற தலைப்புச் செய்தியைப் பார்த்து மயங்க வேண்டாம், அதில் பெரும்பகுதி தனியாரிடமிருந்து வரும் என்பதுதான் திட்டம். புவி அறிவியல் அமைச்சகத்துக்கு ‘பிருத்வி’ என்று 4,797 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஜனவரியில் ஒப்புதல் ஆனது, ஆனால் வானிலை, கடல், துருவப் பகுதி, நிலநடுக்கம் எல்லாம் அதற்குள் அடக்கம். இணையதளத்தில் அறிவிப்பு வந்த பிறகு எழுத உட்காராதீர்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்து வாங்கவே ஒரு வாரம் போய்விடும்.

இரண்டாம் தடவை எழுதுவதற்கு முன்னால் கைக்காசு போட்டு எட்டு மாதிரிகள் எடுத்தேன். தேரியில் கணிசமான பகுதி காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் கை வைக்க முடியாது. அதனால் தெரிந்தவர் ஒருவருடைய பட்டா நிலத்தில், பனைகளுக்கு நடுவே இருந்த ஒரு வெட்டுமுகம். வெளிச்சம் பட்டால் மாதிரி வீண், எனவே விடியற்காலை நாலரை மணிக்கு, கறுப்புத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, பிவிசி குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்கிக்கொண்டிருந்தோம். சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் நின்றுவிட்டார்.

“என்ன தம்பி, மணல் கம்பெனியா?”

“இல்ல அண்ணாச்சி, காலேஜ் வாத்தியாரு.”

“வாத்தியாரு எதுக்கு இருட்டுல மணல் அள்ளுதீரு?”

அவர் கேட்டதில் தப்பே இல்லை. கம்பெனிகள் தாது மணல் அள்ளியதால் பட்ட ஊர்கள் அவை, 2013-இல் அரசு அதற்குத் தடை போட்ட பிறகும் குழாயும் பையுமாக வருகிறவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். பக்கத்தில் உட்காரவைத்து, இந்த மணல் வெயிலைப் பார்த்து எத்தனை ஆயிரம் வருஷமாச்சு என்று பார்க்கப்போகிறோம், இப்போது வெயில் பட்டால் கணக்கு அழிந்துவிடும் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்பம் இந்த மேடு எங்க தாத்தாவுக்குத் தாத்தாவுக்கும் முந்தியா?” என்றார்.

இரண்டாவது ப்ரோபோசலின் முதல் வரி அவர் கேள்விதான். கருவி கேட்கவில்லை. ஓஎஸ்எல் வசதியுள்ள ஓர் ஆய்வகத்தின் சம்மதக் கடிதம், எட்டு மாதிரிகளில் ஆறின் மினுக்கம் நன்றாக வந்திருந்த வரைபடம், மூன்று வருஷத்தில் இத்தனை இடம், இத்தனை மாதிரி என்ற கணக்கு, அவ்வளவுதான். புதுமை என்று நான் சொன்னதும் ஒன்றே ஒன்று: கையடக்கக் கருவியால் களத்திலேயே மினுக்கத்தை வேகமாக அளந்து பார்த்துவிட்டு, எந்த அடுக்கு முக்கியமோ அதை மட்டும் செலவு பிடிக்கிற முழுச் சோதனைக்கு அனுப்புவது. கருவியை அந்த ஆய்வகமே இரவல் தருவதாக ஒத்துக்கொண்டது. நிபுணர் குழு முன்னால் பேசியபோது ஐந்தாறு பேரில் ஒருவர்தான் என் துறை, மற்றவர்கள் கடல், வானிலை, நிலநடுக்கம். இருட்டில் மணல் அள்ளிய கதையோடு ஆரம்பித்தேன். சிரித்தார்கள், அப்புறம் கேள்வி கேட்டார்கள். ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

பணம் வந்தது. கேட்டதில் கொஞ்சம் வெட்டி. ஆய்வு மாணவி சேர்ந்தார், வனத்துறை அனுமதியும் ஒரு வழியாகக் கிடைத்தது. போன மாதம் முதல் வருஷக் கணக்குக்கு யூசி, அதாவது பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ், அனுப்பினேன், திரும்பி வந்துவிட்டது. மானியப் பணத்துக்கு வங்கி கொடுக்கிற வட்டியையும் அரசாங்கத்துக்கே திருப்பிக் கட்ட வேண்டும், அதில் எங்கள் அலுவலகம் 14 ரூபாயை விட்டுவிட்டதாம். அதைக் கட்டத்தான் நாளைக் காலை வங்கிக்குப் போகிறேன்.